அட்டர்னி ஜெனரலுக்குக் கட்சிக்காரர் யார்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். டெக்சாஸில் குடியுரிமை வாங்கி முதல் தடவையாக ஓட்டுப் போடப் போகிறீர்கள். மாதிரி வாக்குச்சீட்டில் கவர்னர், லெப்டினன்ட் கவர்னர், அதற்கு அடுத்த வரியில் அட்டர்னி ஜெனரல். "இது நம்ம ஊர் அட்வகேட் ஜெனரல் தானே? அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல் வைக்க எதற்குத் தேர்தல்?" என்பது உங்கள் கேள்வி.

இல்லை, அவர் இல்லை இவர். பெயர் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம், நானும் வந்த புதிதில் இதே இடத்தில்தான் தடுமாறினேன். தமிழ்நாட்டில் அட்வகேட் ஜெனரலை அரசமைப்புச் சட்டத்தின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிக்கிறார் என்று எழுதியிருக்கும், நடைமுறையில் முதலமைச்சர் கைகாட்டும் ஆள்தான். ஆட்சி மாறினால் அவரும் ராஜினாமா கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார், புது ஆட்சி புது ஆளைப் போட்டுக்கொள்ளும். இலங்கையின் சட்டமா அதிபர் கிரிமினல் வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்பவர், இன்னும் பலமான பதவி, ஆனால் அவரையும் ஜனாதிபதிதான் நியமிக்கிறார். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அட்டர்னி ஜெனரலும் அப்படியே: அதிபர் போடுவார், செனட் தலையாட்டும், பிடிக்கவில்லை என்றால் அதிபர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

மாநிலத்தில்தான் கதை வேறு. 50 மாநிலங்களில் 43 மாநிலங்களில் அட்டர்னி ஜெனரலை, அதாவது மாநிலத்தின் தலைமை வக்கீலை (இனி ஏஜி என்றே எழுதுகிறேன்) மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஜெர்சி, நியூ ஹாம்ப்ஷயர், வயோமிங் ஐந்திலும் கவர்னர் நியமிக்கிறார். மெய்ன் மாநிலத்தில் சட்டமன்றம் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும். டென்னசியில் இன்னும் விசித்திரம், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி எட்டு வருடத்துக்கு ஒருவரைப் போடுகிறார்கள். அதாவது தங்கள் முன்னால் வாதாடப்போகிற ஆளைத் தாங்களே பொறுக்கி எடுக்கிறார்கள்.

தமிழில் ஒரு வசதி உண்டு. வக்கீல் "என் கட்சிக்காரர்" என்று சொன்னால் அவருக்கு வக்காலத்துக் கொடுத்தவர், அரசியல்வாதி "என் கட்சிக்காரர்" என்று சொன்னால் அவரோடு கொடி பிடிப்பவர். இந்தப் பதவியில் இருக்கிற மொத்தச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நம்ம ஊர் அட்வகேட் ஜெனரலுக்குக் கட்சிக்காரர் யார் என்பதில் சந்தேகமே கிடையாது, அரசாங்கம். இங்கே ஏஜியின் கட்சிக்காரர் கவர்னரா, சட்டமன்றமா, மாநிலத்தின் பொதுமக்களா, இல்லை அவருக்கு ஓட்டுப் போட்ட கட்சியா? இருநூறு வருடம் ஆகப்போகிறது, இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

எப்படி இந்த ஏற்பாடு வந்தது என்றால், 1830, 40களில் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து ஜனநாயக அலை. கவர்னர் கையில் எல்லா நியமனமும் இருந்தால் வேண்டியவர்களைப் போட்டு நிரப்பிவிடுவார் என்ற பயம். அதனால் பீரோ சாவி ஒருவரிடம், நிலப்பத்திரம் இன்னொருவரிடம் என்று பெரிய குடும்பங்களில் பிரித்துக் கொடுப்பது மாதிரி, கணக்குப் பார்ப்பவர், கஜானா அதிகாரி, சட்ட அதிகாரி எல்லோரையும் தனித்தனியாகத் தேர்தலில் நிற்க வைத்தார்கள். மிசிசிப்பி 1832இல், நியூயார்க் 1846இல் தங்கள் அரசமைப்பைத் திருத்தி எழுதியபோது ஏஜியும் தேர்தல் பதவி ஆனார். ஆக கவர்னரும் ஏஜியும் பெரும்பாலும் ஒரே நாளில், அதே வாக்காளர்களிடம், தனித்தனியாக ஓட்டு வாங்கி வருபவர்கள். இருவரும் எதிரெதிர்க் கட்சியாக இருப்பது சர்வ சாதாரணம். கவர்னரால் அவரை வேலையை விட்டுத் தூக்க முடியாது.

இதன் விளைவைப் பார்க்க கென்டக்கிக்குப் போக வேண்டும். 2016இலிருந்து 2019 வரை அங்கே கவர்னர் மேட் பெவின், குடியரசுக் கட்சி. ஏஜி ஆண்டி பெஷியர், ஜனநாயகக் கட்சி. 2018 மார்ச் 29 அன்று சட்டமன்றத்தில் சாக்கடைக் கழிவுநீர் பற்றிய ஒரு மசோதா இருந்தது, பதினொரு பக்கம். அதன் உள்ளே இருந்ததை எடுத்துப்போட்டுவிட்டு ஆசிரியர் உள்ளிட்ட அரசு ஊழியர்களின் ஓய்வூதியத்தை மாற்றும் 291 பக்கத்தை அதே எண்ணில் சொருகினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு அவையிலும் நிறைவேறிவிட்டது. மசோதா ஒவ்வொரு அவையிலும் மூன்று வெவ்வேறு நாளில் வாசிக்கப்பட வேண்டும் என்று கென்டக்கி அரசமைப்பு சொல்கிறது. "சாக்கடை மசோதாவாக இருந்தபோதே வாசித்தாயிற்றே" என்பது ஆளும் தரப்பின் சமாதானம். பெவின் கையெழுத்துப் போட்டார், பெஷியர் ஆசிரியர் சங்கத்தோடும் போலீஸ் சங்கத்தோடும் சேர்ந்து வழக்குப் போட்டார். மாநிலத்தின் வக்கீலே மாநில அரசின் மேல்! டிசம்பரில் கென்டக்கி உச்ச நீதிமன்றம் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது.

நீங்கள் இங்கே நிறுத்திக்கொண்டால் பெஷியர் ஒரு கதாநாயகன். ஆனால் அப்புறம் என்ன நடந்தது? 2019 நவம்பரில் அதே பெஷியர் அதே பெவினை எதிர்த்துக் கவர்னர் தேர்தலில் நின்று ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். அவர் காலி செய்த நாற்காலிக்குக் குடியரசுக் கட்சியின் டேனியல் கேமரன் வந்தார். கோவிட் காலத்தில் கவர்னர் பெஷியர் போட்ட உத்தரவுகளை எதிர்த்து ஏஜி கேமரன் கோர்ட்டில் நின்றார், 2023இல் கவர்னர் தேர்தலில் பெஷியரை எதிர்த்து நின்று தோற்றார். நாற்காலி மாறியதும் ஆள் மாறி வழக்கு மட்டும் அப்படியே. ஏஜி என்ற இரண்டெழுத்துக்கு 'கவர்னர் ஆகத் துடிப்பவர்' (ஆஸ்பைரிங் கவர்னர்) என்று இங்கே ஒரு பழைய ஜோக் விரிவாக்கம் உண்டு, ஜோக் என்று சொல்வதே தப்பு. பில் கிளின்டன்கூட 1977இல் ஆர்கன்சா ஏஜியாக ஆரம்பித்தவர்தான்.

சரி, சண்டை போடாத நாளில் இவர் என்ன வேலை பார்க்கிறார்? மாநிலத்தின் மேல் யார் வழக்குப் போட்டாலும் ஆஜராவது இவர் அலுவலகம். சிறைத்துறை, நெடுஞ்சாலைத் துறை, பல்கலைக்கழகம் என்று எல்லாத் துறைக்கும் வக்கீல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் போவார்கள், சத்தமில்லாத வேலை, அலுவலகத்தின் பாதிக் காகிதம் இதுதான். அடுத்தது சட்டக் கருத்து: ஒரு அதிகாரிக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ ஒரு சட்டத்தின் பொருள் புரியவில்லை என்றால் எழுதிக் கேட்கலாம், ஏஜி எழுத்தில் பதில் தருவார். கோர்ட் தீர்ப்பு மாதிரி கட்டுப்படுத்தாது, ஆனாலும் பெரும்பாலான அதிகாரிகள் அதை மீறத் துணிய மாட்டார்கள், மீறி மாட்டிக்கொண்டால் யார் வந்து காப்பாற்றுவது? அந்த வக்கீலேதான் 'செய்யாதே' என்று சொன்னவர்.

கிரிமினல் வழக்கு விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெலவேர், ரோட் ஐலண்ட், அலாஸ்கா மூன்றிலும் கொலை போன்ற பெரிய வழக்குகளை ஏஜி அலுவலகமே நடத்தும். கனெக்டிகட் ஏஜிக்குக் கிரிமினல் பக்கமே வேலை கிடையாது. பெரும்பாலான இடங்களில் உள்ளூர் மாவட்ட அட்டர்னிதான் (அவரும் தேர்தலில் வருபவர்) வழக்கு நடத்துவார், அவர் கேட்டால் அல்லது கவர்னர் சொன்னால் ஏஜி உள்ளே வருவார். ஜார்ஜ் ஃபிளாய்டு கொலை வழக்கை 2020இல் மினசோட்டா ஏஜி கீத் எல்லிசன் ஏற்று நடத்தியது அப்படித்தான்.

உங்கள் டெக்சாஸ் கதை இதில் தனி ரகம். அங்கே "ஏஜி ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கு" என்று யாராவது பதறினால் அநேகமாக அது ஜீவனாம்ச விவகாரம், பிரிந்துபோன அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ குழந்தைக்கான மாதப் பணத்தை வசூலித்துக் கொடுக்கும் வேலை அந்த அலுவலகத்தின் தலையில்தான் இருக்கிறது. ஆனால் தேர்தல் மோசடி வழக்கைக்கூட அவரால் சொந்தமாகத் தொடுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் டெக்சாஸின் உச்ச கிரிமினல் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னது, மாவட்ட அட்டர்னி கூப்பிட்டால்தான் வரலாம் என்றது. ஏஜி கென் பாக்ஸ்டன் என்ன செய்தார்? டெக்சாஸில் நீதிபதிகளும் தேர்தலில் நிற்பவர்கள் அல்லவா, அந்தத் தீர்ப்புப் பக்கம் நின்ற மூன்று பேருக்கு எதிராகச் சொந்தக் கட்சிக்குள்ளேயே பிரச்சாரம் செய்தார், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 2024 மார்ச் முன்தேர்தலில் மூன்று பேரும் தோற்றார்கள். வழக்கில் தோற்ற வக்கீல் நீதிபதியையே வீட்டுக்கு அனுப்புகிறார், இதை மதுரை பெஞ்சில் வாதாடும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

இதே பாக்ஸ்டனை 2023 மே மாதம் அவர் கட்சி பெரும்பான்மையாக இருந்த கீழவையே 121க்கு 23 என்று பதவிநீக்கத் தீர்மானம் போட்டு அனுப்பியது, செப்டம்பரில் செனட் விடுவித்துவிட்டது. மேலே போக விரும்பவில்லை, ஆளாளுக்கு ஒரு கருத்து இருக்கும்.

ஏஜி பதவிக்கு இன்றைக்கு இருக்கும் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் சிகரெட்டைத்தான் சொல்வேன். புகைத்துப் புற்றுநோய் வந்தவர்கள் பல வருடமாக கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டுத் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். "கெடுதல் என்று தெரிந்துதானே பிடித்தாய்?" என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்துவிடும். 1994இல் மிசிசிப்பி ஏஜி மைக் மூர் வேறு வழி பிடித்தார். வாதி புகைத்தவர் இல்லை, மாநிலம். ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்து மாநிலம் செலவழித்த பணத்தைத் திருப்பிக் கொடு. மாநிலம் என்றைக்கும் ஒரு சிகரெட்டும் பிடித்தது கிடையாது, அந்தப் பழைய கேள்வியை அதனிடம் எப்படிக் கேட்பது? அவருடைய சொந்தக் கவர்னர் கிர்க் ஃபோர்டைஸ், குடியரசுக் கட்சி, இந்த வழக்கை நிறுத்தச் சொல்லி மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போனார். எடுபடவில்லை. நம்ம ஊராக இருந்தால் அன்றைக்கே முதலமைச்சர் வேறு அட்வகேட் ஜெனரலைப் போட்டிருப்பார், வழக்கும் திரும்பப் பெறப்பட்டிருக்கும். மிசிசிப்பிக்குப் பின்னால் மற்ற மாநிலங்கள் வரிசை கட்டின, நான்கு மாநிலங்கள் தனித்தனியே சமரசம் செய்துகொள்ள, 1998 நவம்பரில் மீதி 46 மாநிலங்களோடு கம்பெனிகள் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. முதல் 25 வருடத்துக்கு சுமார் 20,600 கோடி டாலர், கார்ட்டூன் வைத்து விளம்பரம் செய்யக்கூடாது, இளவயதினரைக் குறிவைக்கக் கூடாது. வந்த பணத்தில் புகைப்பழக்கத்தைத் தடுக்கச் செலவானது கொஞ்சம்தான், மீதியை மாநிலங்கள் பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தின, அது ஏஜியின் தப்பில்லை.

அந்த ஒப்பந்தம் ஒரு பாதை போட்டுக் கொடுத்துவிட்டது: பல ஏஜிகள் கட்சி பார்க்காமல் கூட்டணி சேர்ந்து ஒரு பெரிய கம்பெனியை உட்கார வைப்பது. வலி மாத்திரை போதை விவகாரத்தில் மூன்று மொத்த விநியோகக் கம்பெனிகளும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து சுமார் 2,600 கோடி டாலர் தர ஒத்துக்கொண்டது அந்த வழியில். வீட்டுக்கடன் மோசடியில் 2012இல் ஐந்து பெரிய வங்கிகள் 49 மாநிலங்களோடு செய்த 2,500 கோடி டாலர் சமரசமும் அதே பாதைதான்.

அந்த வீட்டுக்கடன் பேரத்தில் நமக்குத் தெரிந்த ஒருவர் உண்டு. திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி, கோவிலில் அபிஷேகம் செய்தார்களே, அந்த கமலா ஹாரிஸ். துணை அதிபர், அதிபர் வேட்பாளர் எல்லாம் பிற்பாடு, அவர் மாநில அளவில் ஜெயித்த முதல் பதவி கலிஃபோர்னியா ஏஜி. 2010 நவம்பரில் எதிர்த்து நின்ற ஸ்டீவ் கூலி தேர்தல் இரவே மேடையேறி ஜெயித்துவிட்டேன் என்று அறிவித்துவிட்டார். எண்ணிக்கை மூன்று வாரம் இழுத்தது, கடைசியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஹாரிஸ். மறு வருடம் வங்கிகளோடான பேச்சுவார்த்தையிலிருந்து இவ்வளவுதானா என்று எழுந்து வந்துவிட்டார், பிறகு கலிஃபோர்னியாவுக்குப் பெரிய பங்கோடு திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார், சுமார் 1,800 கோடி டாலர் நிவாரணம் என்றார்கள். அதில் கடன் தள்ளுபடிதான் பெரும்பகுதி, வீட்டை இழந்தவர் கையில் ரொக்கமாகக் கிடைத்தது சொற்பம் என்ற குறையும் உண்டு, நியாயமான குறைதான்.

எனக்கு அவர் காலத்தில் பிடிபடாத விஷயம் வேறு. ஒரே பாலினத் திருமணத்தைத் தடை செய்யும் எட்டாவது முன்மொழிவை 2008இல் கலிஃபோர்னியா மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றினார்கள். அதை எதிர்த்து வழக்கு வந்தபோது, சட்டத்தைக் காப்பாற்றி வாதாட வேண்டிய ஏஜி ஜெர்ரி பிரவுன் மாட்டேன் என்றார், கவர்னர் ஷ்வார்ஸ்நெக்கரும் ஆஜராகவில்லை. அடுத்து வந்த ஹாரிஸ் அதே நிலையில் நின்றார். தேர்தலிலேயே அதைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், கூலி நான் வாதாடுவேன் என்றார். கீழ்க் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்ய, முன்மொழிவைக் கொண்டுவந்தவர்கள் தாங்களே வக்கீல் வைத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2013 ஜூன் 26 அன்று "உங்களுக்கு இந்த வழக்கில் நிற்க உரிமை கிடையாது, மாநிலம் வரவில்லையே" என்று அனுப்பிவிட்டது நீதிமன்றம். இரண்டு நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் அந்த வழக்கின் வாதிகளான இரண்டு பெண்களுக்கு ஹாரிஸே திருமணம் செய்து வைத்தார்.

முடிவு எனக்குச் சம்மதம்தான். வழி உறுத்துகிறது. பிரதிவாதியின் வக்கீல் கோர்ட்டுக்கே வராமல் இருந்து வழக்கு தோற்பதை நம்ம ஊரில் என்ன சொல்லித் திட்டுவோம்? நாளைக்கு வேறொரு மாநிலத்தில் எனக்குப் பிடித்த சட்டத்துக்கு வேறொரு ஏஜி இதையே செய்தால் நான் வாயைத் திறக்க முடியாது. அரசமைப்புக்கு விரோதமான சட்டத்துக்கு வாதாட மாட்டேன் என்று சொல்ல ஏஜிக்கு உரிமை உண்டு என்று கருதுபவர்கள், அவர் பதவிப்பிரமாணம் எடுப்பது அரசமைப்பின் மேல்தானே என்பார்கள். பதில் இருக்கிறது, திருப்தி இல்லை.

இப்போது ஏஜி பெயர் செய்தியில் வருவது வாஷிங்டன் மேல் வழக்குப் போடும்போதுதான். 2007இல் மாசசூசெட்ஸ், கார்பன் புகை விஷயத்தில் மத்திய சுற்றுச்சூழல் அமைப்பை உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று ஜெயித்தது, மாநிலம் சாதாரண வாதி இல்லை, அதற்குத் தனி மரியாதை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அதன்பின் அந்தக் கதவு சாத்தவே இல்லை. ஒபாமா காலத்தில் டெக்சாஸ் ஏஜியாக இருந்த கிரெக் அபாட் தன் தினசரி வேலையைச் சொன்ன விதம்: காலையில் ஆபீஸ் போவேன், ஒபாமா மேல் வழக்குப் போடுவேன், வீட்டுக்குப் போவேன். டிரம்ப் வந்ததும் வாஷிங்டன் மாநில ஏஜி பாப் ஃபெர்குசன் 2017இல், சில நாட்டவர்கள் அமெரிக்கா வரக்கூடாது என்று டிரம்ப் போட்ட பயணத் தடைக்குத் தடை வாங்கினார். பைடனின் மாணவர் கடன் தள்ளுபடியை 2023இல் மிசௌரி உள்ளிட்ட மாநிலங்கள் தட்டிவிட்டன. அபாட்டும் ஃபெர்குசனும் பிறகு கவர்னர் ஆனார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கட்சி, வழக்கு எல்லாம் விடுங்கள், இந்தப் பதவியில் இருக்க வக்கீலாக இருந்தாக வேண்டும் என்றாவது ஒரு நிச்சயம் உண்டா என்றால், பென்சில்வேனியாவில் அதுவும் ஆட்டம் கண்டது. அங்கே ஏஜி தேர்தல் பதவி ஆனதே 1980இல். 2015 அக்டோபரிலிருந்து ஏஜி கேத்லீன் கேனின் வக்கீல் உரிமத்தை மாநில உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது, கிராண்ட் ஜூரி (ஒருவர் மேல் குற்றம் சாட்டலாமா என்று ரகசியமாக விசாரிக்கும் பொதுமக்கள் குழு) ரகசியத்தைக் கசியவிட்ட வழக்கில். உரிமம் போனது, பதவி போகவில்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட முடியாத ஒருவர் மாநிலத்தின் தலைமை வக்கீலாகப் பத்து மாதம் நாற்காலியில் இருந்தார். செனட் அவரை நீக்க 2016 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தியது, 29க்கு 19, மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. ஆகஸ்டில் குற்றவாளி என்று ஜூரி சொன்ன பிறகுதான் ராஜினாமா. மக்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவரை இறக்குவது அவ்வளவு கஷ்டம்.

கடைசியாக, எனக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். நான் முன்பு சேர்ந்திருந்த ஒரு ஜிம், சந்தாவை ரத்து செய்த பிறகும் ஆறு மாதம் கார்டிலிருந்து பணம் எடுத்துக்கொண்டே இருந்தது. போன் செய்தால் மேனேஜர் இல்லை, மேனேஜர் இருந்தால் சிஸ்டம் இல்லை. அலுவலக நண்பர் ஒருவர் சொல்லி ஏஜி அலுவலக நுகர்வோர் பிரிவின் படிவத்தை இணையத்தில் நிரப்பி, ரத்து செய்த மின்னஞ்சலையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இணைத்து அனுப்பினேன். உங்களுக்கும் அதுதான் என் சிபாரிசு, தேதியோடு காகிதம் வையுங்கள், கோபத்தைப் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். மூன்று வாரத்தில் ஒரு கடிதம் வந்தது, ஜிம்முக்கு எழுதிக் கேட்டிருக்கிறோம் என்று. அடியில் சின்ன எழுத்தில் இன்னொரு வரி: இந்த அலுவலகம் உங்கள் சொந்த வக்கீலாகச் செயல்பட முடியாது. அதாவது நான் அவர் கட்சிக்காரர் இல்லை. ஒரே கம்பெனி மேல் நிறையப் பேர் இப்படி எழுதினால் அப்போது மாநிலத்தின் பெயரில் வழக்கு வரலாம், அவ்வளவுதான். ஜிம்காரர்கள் அடுத்த வாரமே ஐந்து மாதப் பணத்தைத் திருப்பிப் போட்டார்கள். ஆறாவது மாதத்துக்கு இன்னொரு படிவம் நிரப்பினேன்.